ஆம்ஸ்டர்டாமில் எந்தப் பக்கம் தங்குவது

பதியுதீன் சபைக் கந்தோருக்குப் போனது ஒரு பெக்கோ கேட்டுத்தான். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் எந்தப் பகுதியில் தங்கினால் வசதி என்று முடிவெடுக்க அல்ல. அப்படியொரு நகரம் இருப்பதே அன்று காலையில் அவருக்குத் தெரியாது. மா இடிக்கிற மில் வைத்திருக்கிற மனிதர். இலங்கையின் கிழக்கில், கல்முனைக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஊர்களில் ஒன்றில் பிறந்து, அதே ஊரில் கலியாணம் முடித்து, அதே ஊரில் மகளுக்கு வீடும் கட்டியவர். மண்வாரி இயந்திரம் ஒன்று அரை நாளைக்கு வந்தால் அவருக்குப் போதும்.

விஷயம் இதுதான். மகள் அப்ராவுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தது. பையன் சியாம், வயறிங் வேலை செய்கிறவன், நல்ல பிள்ளை. இந்தக் கரையில் கலியாணம் முடித்துப் பெண்ணைக் கொண்டு போகிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெண்ணின் வாப்பா. நாள் குறிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உம்மா ஆட்களோடு வந்து வீடு பார்ப்பார். சுவரைத் தட்டிப் பார்ப்பார், குசினிப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பார், கக்கூஸ் கதவைத் திறந்து மூடுவார். பார்த்துத் தலையாட்டினால் கலியாணம். ஆட்டாவிட்டால், பெண் எவ்வளவு தங்கமாக இருந்தாலும் பேச்சு அதோடு சரி.

பதியுதீன் கட்டிய வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வீட்டுக்குப் பின்னால் ஓடியது. ஓடியது என்று சொல்வதும் பிழை, கிடந்தது. மேற்கே வயல்வெளியில் விழுகிற மழையை வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய வடிச்சல் வாய்க்கால் அது. ஆற்றுவாழைச் செடி படர்ந்து மூடி, கோழிக்கடைக் குடலும் பிள்ளைகளின் பேம்பர்ஸும் ஊறி, வீதிக்குக் குறுக்கே போகிற மதகடியில் வந்து குந்திக்கொண்டிருந்தது. நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம், சோற்றுக்கோப்பையில் கைவைக்க மனம் வராது. மாரி தொடங்கினால் அதெல்லாம் அப்ராவின் புதுக் குசினிக்குள் வந்து சேரும்.

அலுவலகத்துக்குக் கந்தோர் என்கிற சொல்லையும் கக்கூஸ் என்கிற சொல்லையும் நமக்குத் தந்துவிட்டுப் போனவர்கள் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள். இரண்டையும் ஒரே சாதி ஏன் தந்தது என்பது, கரையோர வடிச்சல் மேம்பாட்டுச் சபையின் வாசற்படியில் கால் வைத்தவர்களுக்கு உடனே விளங்கும். வளவுக்குள் மஞ்சள் பெக்கோ ஒன்று நின்றது. அதன் வாளிக்குள் பூனை குட்டி போட்டிருந்தது.

தலைவர் அல்ஹாஜ் ஜெமீல் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பெக்கோ விட்டு அள்ளுறது ஒரு வேலையா, பதியுதீன்? அது ஆரும் செய்வாங்க. அள்ளினாப் பொறகு? திருப்பி அடைக்கும். திருப்பி அள்ளணும். இப்பிடியே அள்ளி அள்ளி எங்கட சமூகம் எங்க போய் நிக்கப் போகுது? வாய்க்கால அள்ள முதல் வாய்க்கால் எண்டா என்னண்டு விளங்கணும்."

"வாய்க்கால் எண்டா தண்ணி போற வழி, சேர்."

"இதுதான் எங்கட பிழை" என்றார் தலைவர், செயலாளர் றிஸ்வானைப் பார்த்து. செயலாளரும் வருத்தத்தோடு தலையசைத்தார்.

வாய்க்காலின் பொருள் விளங்குகிற இடம் உலகத்தில் ஆம்ஸ்டர்டாம் ஒன்றுதான் என்று சபை கண்டுபிடித்திருந்தது. நூற்றாண்டுக்கணக்காக நகரத்தைச் சுற்றி வளையம் வளையமாக வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் பிரமித்துப் போகிறார்கள். அங்கே ஓர் ஆய்வுப் பயணம் போவதென்று தீர்மானம் நிறைவேறி, ஒரேயொரு குறைதான் மிச்சமிருந்தது. குழுவில் பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டுமாம், அதுவும் பாதிக்கப்பட்டவராக. அப்படி ஒருவரைச் சபை எங்கேயும் தேடவில்லை.

"ஆள் தானா வந்து நிக்குது, சேர்" என்றார் றிஸ்வான்.

அன்று பகல் பதியுதீன் வீட்டுக்கு வந்தபோது அவர் பொஞ்சாதி ஹாஜறா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பெக்கோ வருதா?"

"இல்லகா. என்னைக் குழுவில சேத்திட்டாங்க."

"குழு வந்து என்னத்த அள்ளும்?" என்று கேட்டாள் ஹாஜறா.

குழுவின் முதல் கூட்டத்தில் வாய்க்காலைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. எங்கே தங்குவது என்பதுதான் அத்திவாரம், அது பிழையாகப் போனால் ஆய்வே பிழையாகிவிடும் என்று தலைவர் சொன்னார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் ஆம்ஸ்டர்டாம் வரைபடம் சுவரில் பெரிதாக விழுந்தது. பக்கத்துத் தமிழ் ஊரின் உறுப்பினர் தங்கரத்தினம் ஐயாவும் வந்திருந்தார். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற மதகு யாருடைய எல்லையில் வருகிறது என்று பதியுதீனின் தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து தலைவரும் இவரும் சண்டை. அந்த மதகைத் திருத்த இவரும் விடமாட்டார், அவரும் விடமாட்டார். இப்போது இருவரும் ஒரே தட்டில் கட்லட் எடுத்தார்கள். இன ஒற்றுமைக்கு இவ்வளவு நாளும் தேவைப்பட்டது ஒரு விமானச் சீட்டுதான் என்று நினைத்துப் பதியுதீன் தன் கட்லட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

நகரத்தின் நடுப்பகுதி முதலில் ஆராயப்பட்டது. ரயில் நிலையம் பக்கம், எங்கேயும் நடந்தே போகலாம். ஆனால் இரைச்சல். "ஆய்வாளருக்கு நித்திரை முக்கியம்" என்று அது நீக்கப்பட்டது.

அதற்கடுத்தது நடுப்பகுதியிலேயே இருக்கிற அந்தச் சிவப்பு விளக்குத் தெருக்கள். அங்கே தங்கக்கூடாது என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஆனாலும் அதற்கே மூன்று கூட்டம் பிடித்தது. "தங்கக்கூடாத இடம் எதெண்டு வடிவா விளங்கிக்கிட்டாத்தான், தவறிப்போய் தங்காம இருக்கலாம்" என்று தலைவர் விளக்கம் சொன்னார். யன்னல் சீலைகள் இழுத்து மூடப்பட்டன. படம் சுவரில் விழுந்ததும் தலைவர், "அஸ்தஃபிருல்லாஹ்! றிஸ்வான், அதக் கொஞ்சம் பெருப்பிச்சுக் காட்டுங்க" என்றார். தங்கரத்தினம் ஐயா "சிவ சிவா" என்று சொல்லிக்கொண்டு கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். அந்தப் பகுதி ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது, நீண்ட நேரத்துக்குப் பிறகு.

யோர்டான் என்கிற பழைய பகுதி எல்லோருக்கும் பிடித்தது. சின்னத் தெருக்கள், பழைய வீடுகள், வாய்க்காலும் பக்கத்தில். ஆனால் அங்கே படிகள் ஏணிபோலச் செங்குத்தானவை என்று றிஸ்வான் வாசித்தார். தலைவருக்கு முழங்கால் வருத்தம். படி ஏற முடியுமா முடியாதா என்பதைச் சொந்த மண்ணிலேயே பரிசோதிப்பதென்று தீர்மானித்து, எல்லோரும் வளவிலிருந்த தண்ணீர்த் தாங்கியின் இரும்பு ஏணிக்குப் போனார்கள். தலைவர் பாதி ஏணிவரை ஏறினார். கீழே பார்த்தார். அதற்குப் பிறகு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

அப்போதுதான் பெக்கோவுக்கு வேலை வந்தது. சாரதி சாமித்தம்பி, பாண்டிருப்பு ஆள், பூனையையும் குட்டிகளையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இயந்திரத்தை முடுக்கினார். ஒரே திருகலில் பிடித்தது. டீசல் இருந்தது, சாரதி இருந்தார், எல்லாம் இருந்தது. வாளி உயர்ந்து போய்த் தலைவரைக் குழந்தைபோல வாங்கிக்கொண்டு கீழே வந்தது.

பதியுதீன் வாளிக்குள் இன்னும் குந்தியிருந்த தலைவரிடம் ஓடினார். "சேர், பெக்கோ ஓடுதுதானே. அப்பிடியே மதகடிக்கு ஒருக்கா…"

"வாய்க்கால்ல கைவைக்க ஏலா" என்றார் தலைவர், வாளி விளிம்பை விடாமலே. "ஆய்வுக்கு முந்தின நிலை, ஆய்வுக்குப் பிந்தின நிலை எண்டு ரெண்டு இரிக்கி. முந்தின நிலையக் கெடுத்துட்டா எதோட ஒப்பிடுற? நாறினாலும் அது இப்ப எங்கட ஆய்வுப் பொருள்."

அந்தக் கிழமையே மதகடியில் ஒரு பலகை நாட்டப்பட்டது. ஆள் உயரத்துக்கு மேலே, நல்ல தடிப்பான பலகை, அதில் தலைவரின் சிரித்த முகம். கீழே: 'இது ஆய்வுக்குட்பட்ட வாய்க்கால். எவரும் தொடக்கூடாது.' பதியுதீன் பொறுக்க முடியாமல் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மண்வெட்டியோடு இறங்கினார். முதல் பிடி ஆற்றுவாழையை இழுத்துக் கரையில் போடுவதற்குள் றிஸ்வானின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"நீங்களே குழுவில இருந்துகிட்டு இப்பிடிச் செய்யலாமா, காக்கா? எடுத்த இடத்திலயே போடுங்க."

அவர் அள்ளிய நாற்றத்தைத் திரும்பவும் வாய்க்காலுக்குள் போட்டார். வாழ்நாளில் தன்னைத் தானே இவ்வளவு அருவருத்த நாள் பதியுதீனுக்கு வேறு இல்லை. வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுப் போட்டுத் தேய்த்தும் கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக அவரால் முடியவில்லை.

கூட்டங்கள் நடந்துகொண்டேயிருந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடக்குப் பகுதி மலிவு, ஆனால் படகேறிப் போக வேண்டும். "படகு ஏறுறதுக்கா பிளேன் ஏறிப் போறம்?" என்று அது போனது. சந்தைத் தெரு இருக்கிற பகுதி, 'வாய்க்காலைச் சார்ந்த வணிகம்' என்ற தலைப்பில், உறுப்பினர்களின் பொஞ்சாதிமார் சொல்லியனுப்பிய சாமான்களோடு சேர்த்து ஆராயப்பட்டது. நூதனசாலை, அதாவது மியூசியங்கள் இருக்கிற பக்கம் அமைதியாக, விசாலமாக, நல்ல ஹோட்டல்களோடு இருந்தது; வாய்க்கால்தான் கொஞ்சம் தள்ளி. தலைவருக்கு அதுவே பிடித்தது. "வாய்க்கால் படிக்கப் போறவங்க வாய்க்கால் ஓரத்திலயே படுத்தா மூளை களைச்சுப் போகும். நுளம்பும் வரும்." தங்கரத்தினம் ஐயாவுக்கோ வாய்க்கால் ஓரம்தான் வேண்டும். பழைய எல்லைச் சண்டை இப்போது ஆம்ஸ்டர்டாமில் தொடர்ந்தது.

முடிவு வராமல் போகவே, வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்தவரைப் பார்த்துப் பதியுதீன் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். அச்சிமுகம்மது, கலியாணத் தரகர். சியாமின் சம்பந்தத்தை அப்ராவுக்குக் கொண்டு வந்தவரே அவர்தான். ஊருக்குள் எந்த வீட்டுச் சுவரில் ஈரம், எந்த வளவில் சண்டை என்று சொல்லக்கூடிய மனிதர். தங்குகிற இடம் பார்ப்பதற்கும் சீதன வீடு பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று சபை யோசித்திருந்தது. எந்த வித்தியாசமும் சபைக்குத் தெரியவில்லை.

அச்சிமுகம்மது வரைபடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பள்ளி எவ்வளவு தூரம்? அயல்ல எப்பிடியாக்கள்? கக்கூஸ் எந்தப் பக்கம்? ஊடு ஆர்ர பேர்ல இரிக்கி?" என்று கேட்டார். ஹோட்டல் பெண்ணின் பேரில் எழுதப்படுமா என்று அவர் கேட்டதை மட்டும் றிஸ்வான், விசாரித்துச் சொல்வதாகக் குறித்துக்கொண்டார். கடைசியில் வாய்க்கால் ஓரத்து வீடுகளின் படத்தைக் காட்டினார்கள். தரகரின் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! வாசல்ல தண்ணி. யன்னலத் துறந்தாத் தண்ணி. காலடியில தண்ணி நிக்கிற ஊட்டில பறக்கத் இரிக்கி, எல்லாம் பெருகும். இத உட்டுட்டு வேற எடம் பாக்கிறவன் மடையன்."

தலைவர்கூட ஒத்துக்கொண்டார். வாய்க்கால் ஓரம், முதல் வரிசை.

பதியுதீன் மெதுவாகக் கை உயர்த்தினார். "எங்கட அப்ராட ஊடும் அப்பிடித்தான், மழை வந்தா."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த விடயத்துக்குப் போனார்கள். அடுத்த விடயமும் அவர்தான். "பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்ட எடத்தில இருந்தாத்தான் அவர் பாதிக்கப்பட்டவர்" என்று தலைவர் சொன்னார். "கூட்டிக்கொண்டு போயிட்டா அவர் சுற்றுலாப் பயணி. சட்டத்துக்கு அது ஒத்து வராது." பதியுதீனின் ஆசனம் அச்சிமுகம்மதுக்குப் போனது.

பிறகு மாரி வந்தது. வந்தது என்றால், வானத்தை யாரோ கவிழ்த்துவிட்ட மாதிரி. காற்றில் மதகடிப் பலகையும் காணாமல் போனது. வாய்க்கால் முதலில் வளவுக்குள் வந்தது, பிறகு படியேறியது, பிறகு குசினிக்குள் நுழைந்து கோழிச் சிறகுகளைப் புதுச் சீமெந்துத் தரையில் பரப்பியது. அப்ரா பாயையும் தையல் மெசினையும் மேசைமேல் ஏற்றிவிட்டு வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் அவளுக்கு முன்னால் திரும்பி வந்தது. மகள் அழுதிருந்தால்கூட பதியுதீன் தாங்கியிருப்பார்.

மூன்றாம் நாள் மழை விட்டது, தண்ணீர் மட்டும் போகவில்லை. காலையில் தெரு முனையில் இயந்திரச் சத்தம் கேட்டது. பெக்கோ! பதியுதீன் முழங்கால் தண்ணீரில் ஓடினார். வாய்க்கு வந்த எல்லா துஆவையும் ஓதிக்கொண்டு ஓடினார். மஞ்சள் இயந்திரம் வெள்ளத்தைப் பிளந்துகொண்டு வந்தது. கிட்ட வந்ததும்தான் வாளி தெரிந்தது. வாளிக்குள் தலைவர், தங்கரத்தினம் ஐயா, றிஸ்வான், அச்சிமுகம்மது, அவர்களின் சூட்கேஸ்கள், எல்லோர் கழுத்திலும் கம்பளி. தெருவில் கார் ஓடாததால் சபை பெக்கோவில் ஏறி, பிரதான வீதிக்கு, கொழும்பு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சேர்! மதகு! ஒரு கொத்து, ஒரேயொரு கொத்துக் கொத்திட்டுப் போங்க!"

"வாளியில ஆள் இரிக்கி, பதியுதீன்" என்றார் தலைவர் கனிவாக. "எங்களக் கொண்டா கொத்தச் சொல்றீங்க?"

அச்சிமுகம்மது வாளி விளிம்பால் எட்டிப் பார்த்தார். மூக்கைக் கம்பளியால் பொத்தியிருந்தார். "பதியுதீன், மாப்பிள்ளைட உம்மா இண்டைக்குப் பின்னேரம் அசருக்குப் பொறகு ஊடு பாக்க வாறா. மழை விட்டதாம், இனிச் சுணங்க ஏலாண்டு சென்னா. இந்தத் தண்ணியோட காட்டிப் போடாதீங்க. ஒருக்காப் பாத்தாக் காணும், பேச்சு முறிஞ்சிரும்."

"வாசல்ல தண்ணி நிண்டா பறக்கத் எண்டு நீங்கதானே சென்னீங்க?"

"அது ஒல்லாந்தர்ர தண்ணி" என்றார் தரகர். "இது கோழிக்கடைத் தண்ணி."

பெக்கோ மதகைத் தாண்டிப் போனது. அது எழுப்பிய அலை வந்து அப்ராவின் படியில் இன்னும் கொஞ்சம் சிறகை ஒதுக்கியது.

பதியுதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மதகுக்குள் இறங்கினார். நெஞ்சளவு. எதைத் தொட்டாலும் வழுக்கியது, எதை இழுத்தாலும் பிய்ந்தது. குடல், முடி, பொலித்தீன் பை, இன்னதென்று சொல்ல முடியாத அழுகல். ஒருமுறை வாந்தியெடுத்தார், வாயைத் துடைக்க ஒரு சுத்தமான கை இல்லை. அவர் மனதில் சபையில் இருந்த ஒவ்வொருவரும் அந்த அழுகலுக்குள் வந்து போனார்கள். தடவிக்கொண்டே போன கை தட்டையான, பெரிய எதிலோ முட்டியது. மதகின் வாயை அது கதவுபோல மூடியிருந்தது. இழுத்தார், அசையவில்லை.

"என்ன காக்கா செய்யிறீங்க?" மேலே சாமித்தம்பி. ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வாளியோடு திரும்பி வந்திருந்தார்.

"உள்ள என்னவோ குறுக்கா நிக்குது. சங்கிலி போட்டு ஒரு இழுவை இழுத்தாக் காணும்."

"வாய்க்கால்ல கைவைக்க உத்தரவில்லயே."

"உத்தரவு குடுக்கிற ஆள் எங்க?"

"கொழும்பு பஸ்ஸில." சாமித்தம்பி வெற்றிலையைத் துப்பினார். வாளியைப் பார்த்தார், அதில் ஒட்டிக்கிடந்த கட்லட் துண்டைப் பார்த்தார். பிறகு சங்கிலியைக் கழற்றிக் கீழே விட்டார்.

ஒரே இழுவை. சேறு கக்கிக்கொண்டு அந்தத் தட்டையான சாமான் வெளியே வந்து வீதியில் விழுந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் ஓவென்று இரைந்துகொண்டு மதகுக்குள் பாய்ந்தது. ஊரே எட்டிப் பார்த்தது. சாமித்தம்பி ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். ஆற்றுவாழை வேர்களுக்கு நடுவிலிருந்து தலைவர் ஜெமீல் சிரித்தார். கீழே எழுத்தும் அழியவில்லை: எவரும் தொடக்கூடாது.

அசர் தொழுகை முடிந்து மாப்பிள்ளையின் உம்மா சுபைதா, இரண்டு சொந்தக்காரிகளோடு வந்தபோது, வீட்டுக்குள் தண்ணீர் இல்லை. அப்ராவும் ஹாஜறாவும் தரையைக் கழுவி டெட்டோல் போட்டிருந்தார்கள். ஆனால் கேற்றிலிருந்து படிவரை கணுக்கால் புதைகிற சேறு. சுபைதா உம்மா அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேற்றடியிலேயே நின்றார். காலை வைக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. கிணற்றடியில் குளித்தும் நாற்றம் போகாத பதியுதீன் அங்கேயே ஒதுங்கி நின்றார்.

அப்ரா வீதிக்குப் போனாள். அந்தப் பலகையை இரண்டு கையாலும் பற்றி இழுத்து வந்து, முகம் மேலே தெரிய, சேற்றின்மேல் போட்டாள்.

"இதால வாங்க, மாமி. மூக்கடியில மட்டும் கொஞ்சம் பாத்து மிதிங்க, வழுக்கும்."

சுபைதா உம்மா பலகையேறி வந்தார். சுவரைத் தட்டினார். குசினிக்குள் போனார். தண்ணீர் நின்ற கறையை விரலால் தொட்டார். "எது வரைக்கும் வந்த?"

"இது வரைக்கும், மாமி" என்றாள் அப்ரா, ஒளிக்காமல். "வாப்பா இறங்கி அடைப்ப எடுத்தாங்க."

"ஏன், சபையில இருந்து ஒருத்தரும் வரல்லையா?"

"வந்தாங்க. தலைவர் அந்தா கிடக்காரு."

சுபைதா உம்மா வாசலால் எட்டிப் பார்த்தார். கிணற்றடியில் நின்ற பதியுதீனையும் பார்த்தார், நேரமெடுத்துப் பார்த்தார். கக்கூஸ் கதவைத் திறந்து பார்க்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பலகையில் ஏறினார். நடுவில் நின்று, தன் முழுப் பாரத்தையும் வைத்து இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்த அதே கவனத்தோடு.

"பலகை நல்ல பலகை. எடுத்து வெச்சிக்கங்க" என்றார் பதியுதீனைப் பார்த்து. "கலியாண நாளிலயும் மழை பெய்யும்."